என் பிழையில் உன் கையெழுத்து

மகனே,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவோம். நானும் மூன்று முறை அப்படித் தொடங்கி மூன்று தாளையும் கிழித்துப் போட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் “பரவாயில்ல, விடுங்கப்பா” என்பாய். நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். உன்னையும் எனக்குத் தெரியும், என்னையும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை மூன்று பிரதி எழுதுகிறேன். ஒன்று ஓமானில் இருக்கும் உனக்கு. ஒன்று கடுகண்ணாவையில் நாம் இருவரும் வேலை செய்த டயர் தொழிற்சாலையின் முதலாளிக்கு. இன்னொன்று ஹுன்னஸ்கிரியவில் உனக்குப் பேசியிருக்கிற பெண்ணின் அப்பாவுக்கு. ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தண்ணீர்பட்டபாடாக இருக்கிற விஷயங்களையும் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். ஆனால் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தைரியம் இருக்குமோ தெரியாது. நாம் நானா என்று கூப்பிடுகிற அலவத்துகொட முஸ்லிம் பெரியவரின் லொறியில் ரப்பர் பிய்ந்துபோன டயரைக் கெடுத்தவன் நான். நீ இல்லை. நீ வேண்டாம் என்று சொன்னாய். நான் கேட்கவில்லை. பிறகு உன் மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தொழில் பெரிய மந்திரமில்லை. தேய்ந்த டயரைச் சுரண்டி, அதன் மேல் புது ரப்பரை ஒட்டி, அச்சுக்குள் வைத்து நீராவிச் சூட்டில் வேகவைத்து எடுப்பது. ரீபில்ட் டயர் என்றால் கண்டியில் எல்லா லொறிக்காரருக்கும் தெரியும். வேகவைப்பதற்கு கியூரிங் என்று பெயர். அந்தப் பகுதிக்கு நான்தான் சூபர்வைசர். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இருபது பேரை வேலை வாங்கினேன் என்றால், அதற்கு என் கட்டைவிரல்தான் காரணம். அச்சைத் திறந்ததும் டயரின் ஓரத்தை அழுத்திப் பார்ப்பேன். விரல் பதிந்தால் வேகவில்லை, பிசுபிசுத்தால் கூடுதலாக வெந்துவிட்டது. “மாஸ்டர் கை வச்சா பிழைக்காது” என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, மகனே. உன் அம்மாகூட வீட்டில் தோசை வெந்துவிட்டதா என்று என்னைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேலி செய்வாள்.

அந்தக் கட்டைவிரல் இயற்கை ரப்பரை மட்டும் வேகவைத்த காலத்துக்குச் சரி. பிறகு, டயர் சீக்கிரம் தேயாமல் இருக்க வேண்டும் என்று முதலாளி செயற்கை ரப்பரையும் கலக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் நீ படிப்பை முடித்து லேப்புக்கு வந்தாய். வந்த முதல் மாதமே ஒரு நாள் ரயிலில் எனக்கு விளக்கினாய். “கலந்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்னு நெனைக்காதீங்கப்பா. கண்ணுக்குத்தான் ஒண்ணு. உள்ளுக்குள்ள ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு தீவு தீவா. நாம போடுற கந்தகமும் ரெண்டுக்கும் சமமாப் போய்ச் சேராது. பக்குவமா வேகவச்சாத்தான் ரெண்டும் வெந்து, ஓரத்துல ஒண்ணையொண்ணு புடிச்சுக்கும்.” நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருந்தால் நீ இன்னொரு முறை சொல்லியிருப்பாய். பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பிறகு நாடு முழுவதும் கரண்ட் வெட்டிய அந்தக் காலம் வந்தது. எங்கள் பாய்லர் விறகில் எரியும், ஆனால் அச்சை இறுக்கிப் பிடிக்கக் கரண்ட் வேண்டும். கலப்பு ரப்பருக்கு நூற்றைம்பது டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு. ஒன்றரை மணி நேரம் கரண்ட் தொடர்ந்து நிற்கும் என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது. பாதி வேக்காட்டில் நின்ற டயர்கள் கொல்லைப்புறத்தில் குவிந்தன. முதலாளி ஏசினார். எனக்கு ரோசம் வந்தது. சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் என்ன என்று எனக்கு நானே தீர்மானித்து, நூற்றெழுபத்தைந்துக்கு ஏற்றி நாற்பது நிமிடத்தில் எடுத்தேன். அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நீ அன்றைக்கே ஓடி வந்தாய். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். “இது சரிவராதுங்கப்பா. இந்தச் சூட்டுல இயற்கை ரப்பர் கட்டு விட்டுடும். செயற்கை ரப்பர் கெட்டியாவே நிக்கும். அதனால மேல அழுத்திப் பாத்தா நல்லாத்தான் தெரியும். அடியில பழைய டயரோட ஒட்டுற எடத்துக்குச் சூடு போய்ச் சேரவே நேரம் பத்தாது.” எனக்கு விளங்கட்டும் என்று சமையல் கணக்கிலும் சொன்னாய். “கடலையையும் கிழங்கையும் ஒரே சட்டியில போட்டு நெருப்பத் தூக்கி வச்சா, கிழங்கு கரைஞ்சுடும், கடலை கடலையாவே கெடக்கும்ல, அந்த மாதிரி.” ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். உன் உவமைக்குத்தான் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது.

இரண்டு நாள் கழித்து நீ ஒரு படம் கொண்டுவந்தாய். சரியாக வெந்த ரப்பரிலும் நான் வேகவைத்த ரப்பரிலும் ஒவ்வொரு சீவல் வெட்டி, பல்கலைக்கழகத்தில் இருக்கிற உன் நண்பனிடம் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்த படம். சரியாக வெந்ததில், நீ தீவு என்று சொன்ன புள்ளிகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருந்தன. என்னுடையதில் திட்டுத்திட்டாக இருந்தன, அவற்றின் ஓரங்களில் வெடிப்பும் தெரிந்தது. படிக்காதவனுக்கும் விளங்குகிற படம். நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினேன். “இப்பத்தான் இந்தப் படம் ஒரு வேலைக்கு ஆச்சு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். உன் காது சிவந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு லேப்புக்குப் போனாய்.

அதற்குப் பிறகு செய்ததுதான் மகா பாவம். டயர்கள் வெளியே போக லேப்பின் கையெழுத்து வேண்டும். கெட்டித்தன்மை பார்க்கும் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டியது. ஆனால் ஒரு டயரை வெட்டி, கிழித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். நான் லேப்புக்குள் வந்து கதவைச் சாத்தினேன். “ஒன்னைப் பெத்த அப்பன் சொல்றேன், போடு” என்றேன். வேறு எந்த சூபர்வைசர் சொல்லியிருந்தாலும் நீ போட்டிருக்க மாட்டாய். நீ என்னைப் பார்த்துக்கொண்டே பேனாவை எடுத்தாய். உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், இது ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள். நியாயம் கையில் இல்லாதபோது அப்பன் என்ற சொல்லை எடுக்காதே. நான் எடுத்தேன்.

அந்த வாரத்து டயர் ஒன்றுதான் மலைப்பாதையில் மரக்கறி ஏற்றி இறங்கிய நானாவின் லொறியில் பிய்ந்தது. மேல் ரப்பர் பட்டையாகக் கழன்று, லொறி மண் மேட்டில் மோதி, அவருக்குக் கால் முறிந்தது. உயிர் தப்பியது ஆண்டவன் புண்ணியம். முதலாளி நம் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் என் கியூரிங் பதிவு இருந்தது. அதில் நூற்றைம்பது டிகிரி, ஒன்றரை மணி நேரம் என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது. ஆமாம், செய்ததை எழுதவில்லை. செய்திருக்க வேண்டியதை எழுதி வைத்திருந்தேன். என் ஆட்கள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். கலப்பு சரியில்லாமல் இருந்திருக்க வேண்டும், லேப் கவனிக்கவில்லை என்று முதலாளி முடிவுக்கு வந்தார். நீ என் பக்கம் திரும்பினாய். ஒரு நிமிடம் இருக்கும். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் என்ன படம் இருந்தது என்றுகூட இப்போது சொல்லுவேன், அவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.

“மகே வெறத்த, சேர்” என்று முதலாளியிடம் சிங்களத்தில் சொன்னாய். என் பிழைதான் என்று. அதோடு நீ நிறுத்தவில்லை. அந்த வாரம் வெந்த டயர் எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பி எடுக்க வேண்டும், ஒன்றும் ரோட்டில் ஓடக் கூடாது என்றும் சொன்னாய். வேலை போகிற நேரத்தில் நீ ஊரான் உயிரைப் பற்றி யோசித்தாய். நான் எனக்கு ஓய்வு கொடுக்கும்போது வைக்கப் போகிற கூட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பிழையே விடாத மாஸ்டர் என்று பேசுவார்களே, அதைப் பற்றி. பேசத்தான் செய்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

அன்றைக்கு மாலை ரயிலில் கூட்டம். ஒரே ஒரு இடம் கிடைத்தது. “நீங்க ஒக்காருங்கப்பா” என்று சொல்லிவிட்டுக் கண்டி வரைக்கும் நீ நின்றுகொண்டே வந்தாய். நான் உட்கார்ந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அழுது, ஏசி, “ஒன்னால அப்பா தலை குனியிறாரு” என்று உன்னோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் அதே மேசையில் உன் எதிரே இருந்து சாப்பிட்டேன். எந்த ரப்பர் தொழிற்சாலையும் உன்னை எடுக்கவில்லை. கடைசியில், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாமல், ஓமானில் ஒரு கிடங்கு வேலைக்குப் போனாய். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வழியனுப்பும்போது “ஒடம்பப் பாத்துக்கங்கப்பா” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ அறியாத ஒன்றும் இருக்கிறது. நானாவைப் பார்க்க அலவத்துகொடைக்கு நான் தனியாகப் போனேன். அவர் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். “என் மகன் விட்ட பிழை, மன்னிச்சுக்கங்க” என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “புள்ளய ஏசாதீங்க மாஸ்டர். சின்ன வயசுல பிழ விடாத மனுசன் ஆரு? அல்லாஹ் உசிரக் காப்பாத்தித் தந்திருக்கான், அது போதும். நானும் ஒரு வாப்பா தான்” என்றார். கால் முறிந்தவன் உனக்காகப் பரிந்து பேசினான். பெற்றவன் கதிரையில் உட்கார்ந்து அவர் வீட்டு இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவரிடமும் போகிறேன். அவருக்கு வாசிக்கக் கண் பிடிக்காது, வாயால் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவையும் விழுங்கிக்கொண்டே செத்துப்போயிருப்பேன், மகனே. உனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் மாமாவும் வீடு பார்க்க வந்தார்கள். பெண் ஹுன்னஸ்கிரியவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பது உனக்குத் தெரியும். அப்பா தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், அளந்து பேசுகிறவர். “மகன் நல்ல படிப்புப் படிச்சிருக்காரு, அந்த வேலைய ஏன் விட்டாரு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே, “அந்த வயசுல கொஞ்சம் அசட்டையா இருந்துட்டான். இப்பத் திருந்திட்டான்” என்றேன். நாக்கு தடுமாறக்கூட இல்லை. அவர் மாமாவைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. “கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்குங்க” என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் சனத்தில் எல்லோருக்கும் தெரியும்.

உன் அம்மா அடுப்படியில் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். “அன்னைக்கு அவன் வேலைய ஒழுங்காச் செஞ்சிருந்தா இந்த அவமானம் வருமா?” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எத்தனை நாளைக்கு மறைப்பான்? நான் அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னை அடையாளம் தெரியாத ஆள் மாதிரி பார்த்தாள். “மூணு மாசம் என் புள்ளையோட நான் பேசாம இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நேற்றுக் காலை பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். சொல்லாமல் போனதால் அவர்கள் வாசலில் பதறிவிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே சொன்னேன். ரப்பர், சூடு, கட்டைவிரல், மேசைக்கால், உன் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய், எதையும் விடவில்லை. பெண்ணின் அப்பா கடைசி வரைக்கும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “இதை எழுதித் தருவீங்களா?” என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் என் வார்த்தையை நம்ப அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? தருகிறேன் என்றேன். அவருக்கு மட்டும் தந்தால் போதாது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அதனால்தான் மூன்று பிரதி. முதலாளி இதைப் படித்துவிட்டு என்ன செய்தாலும் சரி. உன் பெயரில் இருக்கிற கறையை எடுக்க வேண்டியது அவர் பொறுப்பு, என் பெயரில் அதைப் போட வேண்டியதும் அவர் பொறுப்பு.

நான் படியிறங்கும்போது பெண் பின்னாலேயே வந்தாள். மெலிந்த பிள்ளை, குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. “ஒண்ணு கேக்கலாங்களா?” என்றாள். கேளும்மா என்றேன். “அன்னைக்கு அவருக்கு உண்மை தெரியும்தானே. பிறகு ஏன் அவரு சொல்லல?”

“நான் அவனோட அப்பாம்மா, அதான்” என்றேன். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. உன்னைப் பெருமையாகச் சொல்லிவிட்டதாகக்கூட நினைத்தேன்.

“அப்போ நாளைக்கு எனக்கும் ஒங்களுக்கும் நடுவுல ஒரு வெவகாரம் வந்தாலும், அப்பாங்கிறதுக்காக அவரு பொய்தான் சொல்லுவாரா?” என்றாள்.

உன் மௌனத்தை நான் இத்தனை நாளும் பெரிய குணம் என்று நினைத்து, அந்தக் குணத்தின் நிழலில் சுகமாகக் கிடந்தேன். அது ஒரு பெண்ணுக்குப் பயமாகத் தெரியும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உன்னை அப்படி வளர்த்ததும் நான்தான். “அதை அவன்கிட்டத்தான் கேக்கணும்மா” என்றேன். உன் போன் நம்பரைக் கேட்டாள். அவள் அப்பா வாசலில் நின்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் கூப்பிடுவாள், அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். எனக்குப் பதில் எழுதாதே. மன்னித்துவிட்டேன் என்றும் எழுதாதே, அது எனக்கு இப்போது கிடைக்கக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு, அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். பிறகு அந்தப் பிள்ளை கேட்கும்போது, அப்பா பாவம், வயசாயிருச்சு, கரண்ட் இல்லாத காலம் என்று ஒரு வார்த்தையும் சேர்க்காதே. நடந்ததை நடந்தபடி சொல்லு. இந்த முறை என்னைக் காப்பாற்றாதே.

உன் அப்பா